ஜிம்மியின் மூச்சை எண்ணிய கதை

எங்கள் ஜிம்மி பொமரேனியன் நாய். 11 வயது, 5 கிலோ. மன்னார்குடியில் திண்ணையில் படுத்தபடியே தெருவை மிரட்டுவான். போன ஐப்பசியில் இருமினான். அடைமழை ஈரம்தான் என்று விட்டுவிட்டோம். ஒரு நள்ளிரவு, படுக்க முடியாமல் முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தான்.

விடிந்ததும் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினோம். இதய வால்வு தடித்து ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது, நுரையீரலில் நீர் என்றார்கள். நீரை இறக்க ஃபுரோசமைடு, இதயத்துக்குப் பைமோபெண்டன்.

இரண்டே வாரத்தில் மறுபடி இரைப்பு. தப்பு என்னுடையதுதான். இரண்டு மாத்திரையையும் தயிர்சாதத்தில் பிசைந்து கொடுத்துவந்தேன். பைமோபெண்டனை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டுமாம். இப்போது காலை 6 மணிக்கு மாத்திரை, 7 மணிக்குச் சோறு; மாலையும் அப்படியே. அடிநாக்கில் வைத்துத் தொண்டையைத் தடவினால் விழுங்கிவிடுவான், முறைத்துக்கொண்டே.

முற்றமெல்லாம் மூத்திரம் என்று அம்மா ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுவார். அது கூடவே கூடாது. ஃபுரோசமைடு சாப்பிடும் நாய்க்குத் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். கருவாட்டுத் தலையும் நின்றது, உப்பு ஆகாதே.

அப்புறம் மூச்சு எண்ணுவது. அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரட்டிப்பேன். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் மருத்துவருக்குப் போன். ஒருநாள் 38. அவர் சொன்னபடி ஃபுரோசமைடு அரை மாத்திரை கூடுதலாகக் கொடுத்தேன், நானாகக் கூட்டுவதில்லை. இரண்டு மணி நேரத்தில் 26.

தினசரி காலண்டரில் அம்மாவின் பால் கணக்குக்குப் பக்கத்தில் இப்போது ஜிம்மியின் மூச்சுக் கணக்கு. நேற்று 22.