கருப்பருக்கு அருவாள் அடிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கருப்பர் கோயில்களில் நேர்த்திக்கடனாக நட்ட அருவாள்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். சிலவற்றில் மூக்கின் (வளைந்த நுனியின்) உள்வளைவில் மயிரிழை விரிசல் இருக்கும், அடியில் பொருக்குத் துரு ஏறியிருக்கும். "சாமிக்குத்தானே, வெட்டவா போகுது" என்று அடித்த வேலை அது. வெட்டாத அருவாளுக்குத்தான் பார்வை முழுக்க வடிவத்தில் நிற்கும். பிசகை மறைக்க வழி கிடையாது.

வேண்டிக்கொண்ட நீளம் எவ்வளவு என்று கேட்காமல் இரும்பை வெட்டாதீர்கள். பிறகு ஒட்டுப்போட்டுப் பற்றவைக்க நேரும். காணிக்கையில் ஒட்டு ஆகாது. நட்டு வைக்கும் ஆறடி அருவாளுக்கு 75 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். (மென் எஃகு) பட்டை போதும், ஏறக்குறைய ஆறரை கிலோ வரும். வெட்டுகிற அருவாள் என்றால் லாரிப் பட்டை, அதாவது லாரியின் வில் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). பழசு வாங்கினால் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடி பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் வைக்கவே கூடாது. அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் ராத்திரியே குளிர்காய்ச்சல்தான்.

வெளிச்சத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். நம் பக்கத்து உச்சிவெயிலில் செக்கச்சிவந்த இரும்பும் மங்கலாகத்தான் தெரியும். இன்னும் காயவில்லை என்று துருத்தியை ஊதிக்கொண்டே இருப்பார்கள். வெள்ளைப் பொறி தெறித்தால் இரும்பே எரிகிறது என்று அர்த்தம். எரிந்த இடம் பட்டடையில் (இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லில்) உதிர்ந்துவிடும். அதை வெட்டி எறிவதுதான் வழி. கொட்டகை நிழலில் உலை வையுங்கள். ஆரஞ்சு நிறத்தில் எடுங்கள், மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் சம்மட்டியை நிறுத்துங்கள்.

அருவாளின் உயிர் வளைவில் இருக்கிறது, பெரும்பாலோர் சறுக்குவதும் அங்கேதான். வாய், அதாவது வெட்டும் விளிம்பு, உள்பக்கம் இருப்பதால், அதை மெலிதாக்கத் தட்டத் தட்ட அந்தப் பக்கம் நீளும். நீள நீள வளைவு நிமிரும். கடைசியில் வளைத்துச் சரிசெய்யப் பார்த்தால் மெலிந்த வாய் நெளிந்துவிடும். அதனால் வாய் தட்டுவதற்கு முன்பே வேண்டியதைவிடக் கூடுதலாக வளைத்துவிட வேண்டும். தகரத்தில் சாக்பீஸால் முழு அளவுக்கு வரைந்து, ஒவ்வொரு சூட்டுக்கும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். மூக்கைப் பட்டடையின் கூர்விளிம்பில் மடக்காமல் அதன் உருண்டைக் கொம்பில் வளையுங்கள். மடிப்பு விழுந்த இடம்தான் நாளைக்கு விரிசல்.

எம்.எஸ். அருவாளுக்குத் துவைச்சல் (காய்ச்சிய இரும்பைச் சட்டென்று முக்கி இறுக்குவது) வேண்டாம். தண்ணீரில் முக்கினாலும் வாய் இறுகாது, உடம்புதான் முறுக்கிக்கொள்ளும். லாரிப் பட்டைக்குத் துவைச்சல் அவசியம், ஆனால் தண்ணீரில் இல்லை, சடக்கென்று வெடித்துவிடும். காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் இன்னும் சற்றே ஏற்றி, 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெயில் இறக்குங்கள். ஆறியதும் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கமாக மெல்லச் சூடேற்றுங்கள். வைக்கோல் நிறம் போய்ப் பழுப்பு வந்து, வாயில் ஊதா தட்டத் தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள்.

செருப்புக்காலோடு பட்டடையை மிதிப்பதும் சம்மட்டியைத் தாண்டுவதும் கூடவே கூடாது. இரும்பு வேலைக்காரர் விஸ்வகர்மாவின் ஐந்து மக்களில் மனுவின் வழி என்பது ஐதீகம். பட்டறைக்காரருக்கு அந்த அடைகல் சாமி.

சூட்டில் இரும்பின்மேல் படியும் செதிலின்மேல் வெள்ளி பெயின்ட் அடிப்பது வீண், செதிலோடு உரிந்து வந்துவிடும். கம்பி பிரஷால் தேய்த்து, சூடு ஆறுமுன் ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். தேங்காயெண்ணெய் காயாது, தூசிதான் அப்பும். நடும் இடத்தில் தண்ணீர் தேங்காமல் அடிமேடையைச் சரிவாகக் கட்டச் சொல்லுங்கள். நுனியில் குத்தும் எலுமிச்சையின் சாறு வழிந்த தடத்தில்தான் முதல் துரு பிடிக்கும். பூசை முடிந்த மறுநாள் பழத்தை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் எண்ணெய் தடவும்படி பூசாரியிடம் சொல்லி வையுங்கள்.