மாடி மழைத்தண்ணிய டிரம்ல புடிக்கிறது எப்படி

மழைநீர் சேகரிப்புன்னாலே குழி தோண்டி பூமிக்குள்ள விடுறதுதான்னு பலர் நினைக்கிறாங்க, 2003ல தமிழ்நாட்டுல கட்டாயமாக்கினப்போ பேருக்கு ஒரு பைப்ப இறக்கி விட்டு கணக்கு காட்டுனவங்களும் உண்டு. ஆனா மாடில விழுறத நேரா டிரம்லயோ சம்ப்லயோ புடிச்சா அன்னைக்கே புழங்கலாம்.

கணக்கு இதுதான், 1 சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழை பெஞ்சா 1 லிட்டர். 1000 சதுர அடி மாடின்னா சுமார் 93 சதுர மீட்டர், அப்போ நியூஸ்ல 1 செ.மீ. மழைன்னு சொன்னா உங்க மாடில மட்டும் 930 லிட்டர், சிந்துனது ஊறுனது போனாலும் நிறையவே மிஞ்சும். சென்னைல பெரும்பகுதி மழை அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும், அதனால செப்டம்பர்லயே மாடிய பெருக்கி கழுவி, பைப் வாய்ல ஜல்லடை போட்டுருங்க.

முக்கியமான வேலை முதல் தண்ணிய வெளிய விடுறதுதான். தூசி, காக்கா எச்சம் எல்லாம் அதுலதான் வரும். சிலர் எண்ட் கேப் (அடி மூடி) போட்ட துண்டு பைப்ப மாட்டி அதுல புடிச்சுக்கலாம்பாங்க, 4 இன்ச் பைப் ஒரு மீட்டருக்கு 8 லிட்டர்தான் கொள்ளும், முழு மாடி அழுக்குக்கு அது எந்த மூலைக்கு? டிரம்முக்கு முன்னாடி பைப்ல ஒரு டீ (T மாதிரி பிரியுற இணைப்பு) போட்டு, வெளிய போற பக்கம் வால்வு வைங்க, முதல் 10, 15 நிமிஷ மழை அது வழியா போகட்டும், தண்ணி தெளிஞ்சு வர்றத கைல புடிச்சு பாத்துட்டு அப்புறமா மூடுங்க.

ஃபில்டருக்கு ஒரு பழைய டிரம் போதும், அடில பெரிய ஜல்லி, மேல சின்ன ஜல்லி, அதுக்கு மேல கழுவுன ஆத்து மணல், நடுநடுவுல நைலான் வலை. சேமிக்கிற டிரம் வாய்ல வேட்டித் துணிய ரெண்டா மடிச்சு இறுக்கி கட்டிடுங்க, டெங்கு கொசு நல்ல தண்ணிலயும் முட்டை போடும். வெயில் படாம வைங்க, இல்லன்னா பாசி புடிக்கும்.

போர் தண்ணி உப்பா இருக்குற ஏரியால இதுல பருப்பு வேக வச்சு பாருங்க, சீக்கிரம் குழைஞ்சிடும், சோப்பும் நல்லா நுரைக்கும். குடிக்கணும்னா கொதிக்க வச்சுதான் குடிக்கணும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தலாமான்னா வேணாம், அதுக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கோங்க. டிரம் நிரம்பி வழியறத மட்டும் கெணத்துப் பக்கம் திருப்பி விடுங்க.