கலைந்துபோன கலிஃபோர்னியா கம்பெனியால் காயமா? பங்குதாரரிடம் எவ்வளவு கேட்கலாம்?

ஏணி தயாரித்த ஒரு கம்பெனி கடையை மூடி, மிச்சப் பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து அந்த ஏணி உடைந்து ஒருவர் விழுகிறார். கலிஃபோர்னியாவில் அவர் வழக்குப் போடலாம். கம்பெனிச் சட்டத்தின் 2011-ஆம் பிரிவு, கலைப்புக்கு முன் எழுந்த கோரிக்கை, பின் எழுந்த கோரிக்கை இரண்டையும் ஏற்கிறது. 1991-ல் பெனாஸ்கிடோஸ் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது.

முதலில் கம்பெனி எந்த மாநிலத்தில் பதிவானது என்று பாருங்கள். தொழில் எங்கே நடந்தது என்பது இங்கே உதவாது. டெலவேர் மாநிலத்தில் பதிவான டயமண்ட் இன்டர்நேஷனல் கம்பெனி 2005-ல் கலைந்தது; ஆஸ்பெஸ்டாஸ் பாதிப்புக்கான வழக்கு 2008 கடைசியில் வந்தது. டெலவேர் தரும் அவகாசம் 3 வருடம். அது தாண்டிவிட்டதால், 2013-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. பதிவான மாநிலமும் கலைப்புச் சான்றிதழ் தாக்கலான தேதியும், கம்பெனிப் பதிவுகளை வைத்திருக்கும் கலிஃபோர்னியா மாநிலச் செயலரின் 'பிஸ்ஃபைல்' தளத்தில் கிடைக்கும். அங்கே 'இடைநிறுத்தம்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். வரி பாக்கி வைத்தாலே அப்படி வரும். அது கலைப்பு ஆகாது.

அடுத்தது கெடு, அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். உடல் காயத்துக்குப் பொதுவான காலவரம்பு 2 வருடம். ஆனால் பங்குதாரர் மீதான வழக்குக்கு, அந்த வரம்பு அல்லது கலைப்பிலிருந்து 4 வருடம், எது முந்தி முடிகிறதோ அதுவே கெடு. கலைந்து 3 வருடம் 9 மாதம் கழித்து அடிபட்டவருக்கு மிஞ்சுவது 3 மாதம்தான்.

தொகைக் கணக்கு இப்படி. தீர்ப்புத் தொகையில் பங்குதாரரின் விகிதம், கலைப்பில் அவர் கைக்கு வந்த பணம், இரண்டில் எது குறைவோ அதுவே அவர் பொறுப்பு. 20% பங்கு வைத்திருந்தவர் 2,00,000 டாலர் வாங்கினார் என்று வையுங்கள். தீர்ப்பு 4,00,000 என்றால் அவர் கொடுப்பது 80,000. தீர்ப்பு 30,00,000 என்றால் விகிதப்படி 6,00,000 வந்தாலும் 2,00,000-க்கு மேல் கேட்க முடியாது. வேறொரு வழக்கில் ஏற்கெனவே 1,50,000 கட்டியிருந்தால் மிச்சம் 50,000தான். கண்டுபிடிக்க முடியாத பங்குதாரரின் விகிதத்தை மற்றவர் தலையில் கட்டவும் வழியில்லை.

ஆகவே பங்குதாரர்களைத் துரத்துமுன் பழைய காப்பீட்டைத் தேடுங்கள். பங்குதாரர்களுக்குப் பிரிக்கப்படாமல் கம்பெனியிடமே மிஞ்சிய சொத்திலிருந்தும் கேட்கலாம்; அதில் காப்பீடும் சேர்த்தி. அதற்கு அந்த 4 வருடக் கெடுவும் கிடையாது. ஒரு சிக்கல்: வழக்கமான பொறுப்புக் காப்பீடு, பாலிசி நடப்பில் இருந்தபோது நேர்ந்த காயத்துக்குத்தான் பணம் தரும். பல வருடம் முன் ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்தவருக்கு அது உதவலாம்; பாலிசி முடிந்தபின் ஏணியிலிருந்து விழுந்தவருக்குப் பெரும்பாலும் உதவாது.

பங்குதாரர்களைக் கம்பெனியின் பெயரிலேயே வழக்கில் சேர்க்கலாம். சம்மனைப் பழைய அதிகாரி, இயக்குநர் அல்லது முகவரிடம் கொடுங்கள். தேடியும் யாரும் கிடைக்கவில்லை என்று பிரமாணப் பத்திரம் போட்டால், மாநிலச் செயலரிடம் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம்.

கம்பெனியைக் கலைக்கப்போகும் பங்குதாரர் என்றால், விற்று முடித்த சரக்கால் பின்னால் வரும் காயத்துக்கான தனிக் காப்பீட்டைப் பணம் பிரிக்கும் முன்பே வாங்குங்கள். யார் எவ்வளவு பெற்றார் என்ற தாளைக் குறைந்தது 4 வருடமும், வழக்கு வந்தால் அது முடியும் வரையும் வைத்திருங்கள்.