கரண்ட் போனால் முருகைத் தொட்டிக்கு என்ன செய்வது?

2022 மார்ச் கடைசியில், நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நேரம். இணையத்தில் பார்த்த ஒரு வீடியோவை நம்பி, முருகை (பவளம்) வளர்க்கும் என் கடல்மீன் தொட்டியைச் சுற்றிப் பெட்சீற் கட்டினேன். சூடு வெளியே போகக் கூடாதாம். பனி கொட்டுகிற நாட்டுக்காரர் எடுத்த வீடியோ அது என்று எனக்கு உறைக்கவே இல்லை. மட்டக்களப்புக் கல்லடியில், பங்குனி வெக்கையில், மீனுக்குப் போர்வை போர்த்திவிட்டுப் படுத்த ஆள் நான். விடியப் பார்த்தால் இரண்டு கோமாளி மீனும் ஒரு டாங் மீனும் மிதந்துகொண்டிருந்தன. அம்மம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "மீனுக்குக் குளிருதெண்டு ஆரு மனே சொன்னது?"

அதனால் இந்த விளக்கம் நம் ஊர் வெப்பத்துக்கு எழுதியது.

முதலில் ஒரு விஷயம் விளங்க வேண்டும். கரண்ட் போனதும் எல்லோருக்கும் தொட்டி லைட்தான் கண்ணில் படும். முருகைகள் இரண்டு மூன்று நாள் வெளிச்சமில்லாமல் தாங்கும். தாங்காதது மூச்சு. 30 பாகைச் சூட்டில் நல்ல தண்ணீரில் லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்க முடியும். கடல்நீரில் ஆறு மில்லிகிராம் சொச்சம்தான். அந்த ஆறையும் மீன், முருகை, லைவ் ரொக்கில் (உயிர்கள் குடியிருக்கும் கடற்கல்) இருக்கும் பற்றீரியா எல்லாம் பங்குபோடுகின்றன. பம்ப் ஓடும்போது தண்ணீரின் மேற்பரப்பு கலங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். பம்ப் நின்றால் அந்த வாசல் அடைபடும். மீன் நெருக்கமான தொட்டியில் ஓரிரு மணித்தியாலத்திலேயே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கத் தொடங்கும். இரவில் இன்னும் மோசம். முருகைக்குள் இருக்கும் பாசி பகலில்தான் ஒட்சிசன் தரும், இருட்டினால் அதுவும் எடுக்கத்தான் செய்யும்.

படி 1: கரண்ட் இருக்கும்போதே ஒத்திகை பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருக்கும் நேரம், தொட்டியின் எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். கீழே சம்ப் (தண்ணீர் இறங்கி வரும் கீழ்த்தொட்டி) இருந்தால் அதையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டன் பம்ப் நின்றதும் மேலிருந்து தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்கும். ரிட்டன் குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு தண்ணீரும் கீழே வரும். சம்ப் நிரம்பி வழிந்தால் உங்களுக்கு முதல் வெள்ளம் மீனால் வந்தது என்று எழுதி வையுங்கள். குழாய் வாயை மேற்பரப்புக்குக் கிட்ட உயர்த்துங்கள், அல்லது நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். மட்டம் ஓட்டைக்கு இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். அந்த ஓட்டையில் உப்பும் பாசியும் அடைக்கும், மாதம் ஒருமுறை பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு நத்தை போய் உட்கார்ந்தால் அது மூடாது. தண்ணீர் இறங்கி நின்ற இடத்தில் சம்பில் மாக்கரால் ஒரு கோடு. இயங்கும்போது அதற்கு எவ்வளவு கீழே மட்டம் இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு கோடு.

படி 2: பெட்டியில் வைத்திருக்க வேண்டியவை

அட்டவணை போட்டு வெட்டிய காலம் பரவாயில்லை, நேரம் தெரியும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுக்கக் கரண்ட் போனது. குரங்கு அட்டவணை தராது. மட்டக்களப்பில் ஐப்பசி, கார்த்திகை மழையும் அப்படித்தான்.

வாங்க வேண்டிய முதல் சாமான் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப், காற்றைக் குமிழியாக்கும் ஒரு காற்றுக்கல், சிறு குழாய். யூஎஸ்பி வகையை 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் போட்டால், ஒரு வாற் பம்ப் கணக்குப்படி இரண்டு நாளுக்கு மேல் ஓடும். ஆனால் சில பவர் பேங்குகள், இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் 'போன் சார்ஜ் ஆகிவிட்டது' என்று நினைத்துத் தாமாகவே நின்றுவிடும். நள்ளிரவில் அது நின்றால் நீங்கள் அறிய மாட்டீர்கள். முதலே இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டுச் சோதியுங்கள். காற்றுப் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், கீழே வைத்தால் அது நின்றதும் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறி வந்து நிலத்தில் ஊற்றும்.

கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் 12 வோல்ற் டீசி வேவ் மேக்கர் (தொட்டிக்குள் தண்ணீரைக் கலக்கும் பம்ப்) ஒன்றும், ஆழமாக இறக்கிப் பாவிக்கக்கூடிய 100 ஆம்பியர்-அவர் பற்றரி ஒன்றும். ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்று வைத்தால் 600 வாற்-அவர் கையில் இருக்கும். 10 வாற் பம்பை நேரடியாகக் கொடுத்தால் 60 மணித்தியாலம். அதையே இன்வேர்ட்டர் வழியாகக் கொடுத்தால், இன்வேர்ட்டர் தனக்கென்று தின்பது போக, நேரம் பாதியாகக்கூடக் குறையலாம். கணினி யூபிஎஸ்ஸை நம்பி இருப்பவர்களுக்கு: சின்ன யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 7 ஆம்பியர்-அவர் பற்றரி. அது கடைக்குப் போய் வரும் நேரத்துக்குத்தான். மோட்டார் சைக்கிள் பற்றரி ஸ்டார்ட் பண்ணுவதற்கு உள்ளது, மெல்ல மெல்ல வடித்தால் சீக்கிரம் செத்துவிடும்.

படி 3: கரண்ட் போனதும்

காற்றுக்கல்லை உள்ளே போடுங்கள். சாப்பாடு கிடையாது. பெரிய மீன்களும் இரண்டு நாள் பட்டினி தாங்கும், ஆனால் மிஞ்சிய தீனி அழுகி ஒட்சிசனைத் தின்னும். ஸ்கிமர் (கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி), லைட், வடிகட்டி எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றுங்கள், கரண்ட் வந்து வந்து போகும்போது அடிபடுவது அவைதான்.

ஒன்றும் வாங்கி வைக்கவில்லையா? ஒரு ஜக்கை எடுங்கள். தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், ஐந்து நிமிடம் விடாமல். மறுகா கால் மணித்தியாலம் ஓய்வு. பிள்ளைகள் இருந்தால் முறை போட்டுச் செய்வார்கள், இருட்டில் வேறு வேலை என்ன. நத்தையும் நட்சத்திர மீனும் கண்ணாடியில் ஏறி மேல்விளிம்பில் வந்து ஒட்டினால், இடைவெளியைக் குறையுங்கள்.

படி 4: சூடு

மூடியைத் திறந்து வையுங்கள், குதிக்கிற மீன் இருந்தால் மேலே வலை. 12 வோல்ற் சின்னக் காத்தாடி ஒன்றைத் தண்ணீரின் மேல் வீசவிட்டால் ஆவியாகிச் சூடு இறங்கும். ஆவியாகும்போது உப்பு மட்டும் மிஞ்சும், ஆகவே குறைந்த மட்டத்தை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. ஐஸ் போடுவதென்றால் போத்தலில் உறையவைத்து, மூடியோடு மிதக்கவிடுங்கள். ஒரு போத்தல் போட்டு வெப்பமானியைப் பாருங்கள், பிறகு அடுத்தது. சட்டென்று மூன்று நான்கு பாகை இறக்கினால் அதுவே வேறொரு அடி.

படி 5: ஒரு நாளைத் தாண்டினால்

தண்ணீர் மாற்ற நினைப்பீர்கள். கடல் பக்கத்தில்தானே என்று வாளியோடு இறங்க வேண்டாம். மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்தால் வாவித் தண்ணீர் முழுக்கக் கடலில் இறங்கும், கரையோரம் கலங்கி உப்பும் குறைந்திருக்கும். முதலே உப்புக் கரைத்து மூடிவைத்த ஒரு பீப்பாய் இருந்தால் நிம்மதி. ஜெனரேற்றர் இருக்கிறவர்கள் அதை முற்றத்தில், ஜன்னலுக்குத் தள்ளி வையுங்கள். அதன் புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு மணமில்லாமல் ஆளையே கொல்லும். மழை நனைக்கிறது என்று விறாந்தைக்குள் இழுக்காதீர்கள்.

இறந்த முருகைக்கு மாற்றாகப் பாசிக்குடாவில் ஒன்றைப் பெயர்த்து வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். கடலில் முருகைக்கல் உடைப்பது சட்டப்படி குற்றம்.

படி 6: கரண்ட் வந்ததும்

ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள், நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் ரிட்டன் பம்ப், வேவ் மேக்கர். செத்தது ஏதும் கிடந்தால் உடனே வெளியே. ஸ்கிமரை அன்றைக்கே முழு வேகத்தில் விட்டால் நுரை பொங்கி வழியும், நுரை சேரும் கோப்பையை உயர்த்தி வைத்துத் தொடங்குங்கள். தண்ணீரில் அமோனியா என்ற நச்சு சேர்ந்திருக்கிறதா என்று சோதித்துவிட்டு, தேவையென்றால் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

மூடிய கனிஸ்ரர் வடிகட்டி இருந்தால் அதை மட்டும் அப்படியே ஓடவிட வேண்டாம். பல மணித்தியாலம் காற்றில்லாமல் கிடந்த தண்ணீர் உள்ளே அழுகியிருக்கும். சாக்கடை மணம் வரும். திறந்து, உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிப் போட்டுவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள்.