மக்கள் பிரதிநிதிக்கு அனுப்பிய மெயிலுக்குப் பதில் வரவில்லையா? (என் அனுபவம்)

பிரதிநிதியின் இன்பாக்ஸை முதலில் திறப்பவர் பெரும்பாலும் அவருடைய உதவியாளர்தான். அவர் முதலில் தேடுவது, எழுதியவர் நம் தொகுதிக்காரரா என்பதை. அதனால் என் முழு முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் மெயிலின் கடைசியிலிருந்து முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். பதில்கள் வர ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

சப்ஜெக்டில் ‘கோரிக்கை’ என்று மட்டும் போட்டால் பயனில்லை. ‘நூலகத் தெரு: வடிகால் மூடி உடைந்துள்ளது, மாற்ற வேண்டும்’ என இடம், பிரச்சினை, கேட்பது மூன்றும் தெரியட்டும். ஒரு மெயிலுக்கு ஒரே விஷயம். இரண்டு எழுதினால் சுலபமானதற்கு மட்டுமே பதில் வரும்.

சிசியில் பத்துப் பேரைச் சேர்க்கவே வேண்டாம். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். பலரும் பகிர்ந்து சுற்றில் வந்த வாசகத்தை அப்படியே ஒட்டி அனுப்பினால், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பொதுப் பதில் ஒன்றை அனுப்பிவிடுவார்கள். சொந்த வார்த்தையில் 4 வரி போதும்.

துறையில் ஏற்கெனவே கொடுத்த புகாரின் எண்ணும் தேதியும் அவசியம். உதவியாளர் அதை வைத்துத்தான் அதிகாரியிடம் கேட்க முடியும். படங்களை இணைக்கும்போது ஜிமெயில் 25 எம்பி வரை அனுப்பவிடும், ஆனால் பெறும் சர்வரின் வரம்பு குறைவாக இருந்தால் மெயில் திரும்பிவிடும். படங்களை 1 எம்பிக்குள் சுருக்குங்கள்.

இரண்டு வாரம் கழித்து நினைவூட்டும்போது பழைய மெயிலிலேயே ரிப்ளை போடுங்கள். முதலில் எழுதிய தேதி அதிலேயே தெரியும்.