பிளஸ் டூ முடித்தபின் இரண்டே ஆண்டில் உயிரித் தொழில்நுட்பப் பட்டயம்: சேர்வது எப்படி?

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்தவர்கள், பாலிடெக்னிக்கின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து இரண்டே ஆண்டில் முடிக்கலாம் என்பது தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பல வீடுகளில் இன்னும் தெரியவில்லை. என் தங்கையை இவ்வழியில் சேர்த்த அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன். சான்றிதழ்கள் உங்கள் கையில் இருக்கும் என்பதால் அவற்றைப் பற்றி விளக்கவில்லை.

முதலில் கல்லூரியைத் தேடுங்கள். அமைப்பியல், இயந்திரவியல் போல உயிரித் தொழில்நுட்பம் எல்லா பாலிடெக்னிக்கிலும் இருப்பதில்லை. ஆகவே டெல்டாவுக்கு வெளியே விடுதியில் தங்கிப் படிக்கவும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதல் நடப்பாண்டுக்கு இருக்கிறதா என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

அடுத்தது விண்ணப்பம். இந்தப் படியில் மிகுந்த கவனம் வேண்டும். முதலாம் ஆண்டுக்கும் நேரடி இரண்டாம் ஆண்டுக்கும் படிவங்கள் வேறு வேறு. எங்கள் ஊர்க் கணினி மையத்தில் முதலாம் ஆண்டுப் படிவத்தைத்தான் திறந்து கொடுத்தார்கள்; அதை நிரப்பி அனுப்பியிருந்தால், பிளஸ் டூ முடித்த பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்தவர்களோடு மூன்றாண்டு படிக்க நேர்ந்திருக்கும். படிவத்தின் தலைப்பை நீங்களே வாசித்துப் பார்த்த பிறகு மற்ற விவரங்களை நிரப்புங்கள்.

சேருமுன் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். ஆட்டோகிளேவும் (நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் கருவி) லேமினார் ஃப்ளோவும் (வடிகட்டிய காற்று வீசும் கிருமியற்ற வேலை மேடை) உறை போட்டு மூடிக் கிடக்கின்றனவா, மாணவர்கள் அவற்றில் வேலை செய்கிறார்களா என்பதைக் கவனியுங்கள். வாழைத் திசு வளர்ப்பில் கன்று வளரும் சத்துக் கலவையான ஊடகத்தை 121 டிகிரி செல்சியஸில், 15 பவுண்டு அழுத்தத்தில் கிருமி நீக்கம் செய்த பிறகும், கன்றை வைக்கும் கை சுத்தமாக இல்லாவிட்டால் சில நாட்களில் புட்டியில் வெள்ளைப் பூஞ்சை படரும். இந்தக் கைப்பழக்கம் புத்தகத்தால் வராது.

முதலாண்டுக் கணிதத்தையும் வேதியியல் செய்முறையையும் படிக்காமல் வருபவர்களுக்குக் கரைசல் தயாரிப்பதுதான் பெரிய தடை. 0.5 மோலார் உப்புக் கரைசல் 250 மில்லி வேண்டுமானால், ஒரு மோல் உப்பின் எடையான 58.44 கிராமை 0.5-ஆலும், 250 மில்லியை லிட்டரில் சொல்லும் 0.25-ஆலும் பெருக்கி, 7.305 கிராம் எடுக்க வேண்டும். அதன்மேல் 250 மில்லி தண்ணீரை அப்படியே ஊற்றிவிடக் கூடாது. முதலில் சுமார் 200 மில்லியில் கரைத்து, பிறகு அளவுக் குடுவையின் கோடு வரை நிரப்ப வேண்டும். இதற்குக் கைப்பேசிச் செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சயின்டிஃபிக் கால்குலேட்டரும் ஒரு நோட்டும் போதும், ஏனெனில் கணக்கின் ஒவ்வொரு படியும் கண்முன் இருந்தால்தான் தவறு எங்கே என்று தெரியும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த பெற்றோர் சிலர், இந்தப் பட்டயத்தைக் கொண்டு மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேரலாமா என்று கேட்டார்கள். அதற்கு டிஎம்எல்டி (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) என்ற தனிப் படிப்பு இருக்கிறது. அந்த வேலைதான் நோக்கம் என்றால் அதிலேயே சேருங்கள். மேற்கொண்டு படிக்க விரும்புவோர், பட்டயத்தை முடித்தபின் பொறியியல் பட்டப் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.