பூட்டு உடையவில்லை, கொண்டிதான் கழன்றது: கதவுக் கொண்டியை நாமே மாற்றுவது எப்படி?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் திருடு போனபோது பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கொண்டியோடு சேர்ந்து கதவு நிலையில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. உப்புக்காற்றில் நான்கு ஸ்க்ரூவும் துருவேறிப்போய், கம்பியால் நெம்பியதும் மரத்தூளோடு கழன்று வந்துவிட்டன.

போனது இரண்டு சவரன், அதாவது 16 கிராம். அதோடு கதவுக்கு ஆசாரி கூலி, ஸ்டேஷனுக்கு அலைந்ததில் நான்கு நாள் சம்பளம். அம்மா இன்றும் பூனை குதித்தால் எழுந்து உட்காருகிறார். கொண்டி மாற்ற ஆனது சில நூறு ரூபாய்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. கதவைப் பூட்டிவிட்டு வெளியே நின்று பாருங்கள். ஸ்க்ரூவின் தலை தெரிகிறதா? தெரிந்தால் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கிற எவனும் கழற்றலாம். நல்ல கொண்டி, மடித்துப் பூட்டியதும் ஸ்க்ரூக்களை மூடிக்கொள்ளும்.

2. கதவின் கனத்தை அளந்துகொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொண்டி, நாதாங்கி (கொண்டி வந்து மாட்டும் வளையம்), போல்ட், வாஷர், நட்டு வேண்டும். கனம் 35 மி.மீ. என்றால் போல்ட் 50 மி.மீ. இருக்கட்டும். கொண்டியின் துளையில் நுழைத்துப் பார்த்தே வாங்குங்கள். நான் பார்க்காமல் வாங்கி இரண்டு முறை பாரிமுனைக்கு நடந்தேன்.

3. பழைய துளைகளை நம்பாதீர்கள், ஓர் அங்குலம் தள்ளிக் குறியுங்கள். கதவின் மறுபக்கம் ஒரு மரத்துண்டை அழுத்திப் பிடித்தபடி துளை போட்டால் மரம் பிளக்காது. போல்ட் வெளியிலிருந்து நுழைய வேண்டும். உள்ளே வாஷர் போட்டு நட்டை முறுக்குங்கள். மாறிப்போனால் திருடனுக்கு நாமே நட்டைக் கொடுத்தது போல.

4. நாதாங்கி நிலையில் வருவது. சுவரை ஒட்டிய நிலையில் போல்ட் போட முடியாது. அங்கே 75 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. முதலில் அதைவிட மெல்லிய துளை போட்டு, ஸ்க்ரூவில் கொஞ்சம் சோப்பு தடவித் திருகினால் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

5. பூட்டி, பலமாக இழுத்துப் பாருங்கள். ஆடினால் மறுபடி முறுக்குங்கள். மரமே உளுத்திருந்தால் ஆசாரியைக் கூப்பிடுங்கள், இந்த வித்தையெல்லாம் அதில் எடுபடாது.

அப்புறம், நகை பில்லையும் ஹால்மார்க் எண்ணையும் போனில் படமெடுத்து வையுங்கள். புகார் எழுதும்போது எடை கேட்பார்கள், எனக்கு நினைவு வரவில்லை. ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்தில் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

சாவியை மீட்டர் பெட்டி மேல் வைக்கிற பழக்கம் எங்கள் தெருவில் பாதி வீட்டில் உண்டு. எங்கள் வீட்டிலும் போன மாதம்தான் நின்றது.